தைராய்டு சுரப்புக் குறைவு: மாத்திரையின் அளவும் மருத்துவரிடம் பேச வேண்டியவையும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தைராய்டு சுரப்பு குறைந்த பெரியவர்களுக்கும் அவர்களைப் பார்த்துக்கொள்ளும் வீட்டாருக்கும் இந்தப் பக்கம் எழுதப்பட்டுள்ளது. மருத்துவரின் அறையில் கிடைக்கும் சில நிமிடங்களை எப்படிப் பயன்படுத்துவது, எந்தத் தகவலைக் கையில் கொண்டு போவது என்பதே இதன் முதன்மையான நோக்கம். இதைப் படித்துவிட்டு மாத்திரையின் அளவை யாரும் தாமாகவே கூட்டவோ குறைக்கவோ கூடாது. பிறவியிலேயே சுரப்பு குறைந்த குழந்தைகளுக்கான சிகிச்சை வேறு கணக்கில் நடப்பதால் அது இங்கே பேசப்படவில்லை.

தைராய்டு சுரப்பு குறைந்தால் உடலில் என்ன நடக்கிறது?

கழுத்தின் முன்பக்கத்தில், குரல்வளைக்குச் சற்றுக் கீழே இருக்கும் தைராய்டு சுரப்பி டி4, டி3 என்ற இரண்டு ஹார்மோன்களைச் சுரக்கிறது. உடலின் ஒவ்வொரு உறுப்பும் எவ்வளவு வேகத்தில் இயங்க வேண்டும் என்பதில் இவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. இவை குறையும்போது இதயத் துடிப்பு மெதுவாகிறது, குடல் மந்தமாகிறது, தோல் வறள்கிறது, முடி உதிர்கிறது, மற்றவர்களுக்கு உறைக்காத குளிர் இவர்களுக்கு உறைக்கிறது. மாதவிடாயில் அதிக இரத்தப்போக்கு, குரல் தடித்தல், முகம் ஊதினாற்போல் தெரிதல், மறதி, காரணமில்லாத சோர்வு ஆகியவையும் சேரலாம். கெட்ட கொழுப்பின் அளவு ஏறுவதும் உண்டு. கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையைத் தொடங்குவதற்கு முன் தைராய்டைப் பரிசோதித்துவிடுவது இதனால்தான் நல்லது.

இந்தியாவின் எட்டு நகரங்களில் நடத்தப்பட்டு 2013-ல் வெளியான ஆய்வில், பரிசோதிக்கப்பட்ட பெரியவர்களில் சுமார் 11 சதவீதம் பேருக்குச் சுரப்புக் குறைவு இருந்தது. அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு அந்தப் பரிசோதனைக்கு முன்பு அது தெரிந்திருக்கவில்லை.

இது எதனால் வருகிறது? அயோடின் உப்பைச் சாப்பிட்டால் சரியாகிவிடுமா?

அயோடின் போதுமான அளவு கிடைக்கும் இடங்களில் மிகப் பொதுவான காரணம், உடலின் நோய் எதிர்ப்பு மண்டலம் தன்னுடைய தைராய்டையே தாக்குவதுதான். 1912-ல் இதை முதன்முதலில் விவரித்த ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹஷிமோட்டோவின் பெயரிலேயே இந்நோய் அறியப்படுகிறது. 'ஆன்டி டி.பி.ஓ.' என்ற இரத்தப் பரிசோதனை இதைக் காட்டிக்கொடுக்கும். ஒருமுறை அது பாசிட்டிவ் என்று வந்துவிட்டால், அந்த எண் ஏறுகிறதா இறங்குகிறதா என்று ஆண்டுதோறும் பணம் செலவழித்துப் பார்க்க வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை. மாத்திரையின் அளவை அந்த எண் தீர்மானிப்பதில்லை.

தைராய்டு அறுவைச் சிகிச்சை, கதிரியக்க அயோடின் சிகிச்சை, லித்தியம், அமியோடரோன் போன்ற மருந்துகள் ஆகியவையும் காரணமாகலாம். பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்களில் தலைகாட்டிவிட்டுத் தானாகவே சரியாகிவிடும் ஒரு வகையும் உண்டு.

அயோடின் குறைபாட்டால் வரும் கழுத்துக்கழலையைத் தடுக்க இந்திய அரசு 1962-லேயே தேசியத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. நம் வீட்டுக்கு வந்து சேரும் உப்பில் பத்து லட்சம் பங்குக்குக் குறைந்தது 15 பங்கு அயோடின் இருக்க வேண்டும் என்பது விதி. வேதாரண்யம், தூத்துக்குடி போன்ற உப்பளப் பகுதிகளில் அயோடின் சேர்க்காத கல் உப்பு எளிதில் கிடைப்பதால், பாக்கெட்டைப் பார்த்து வாங்குவது நல்ல பழக்கம். ஆனால் ஹஷிமோட்டோ நோய் வந்துவிட்டவருக்கு உப்பு மருந்தாகாது. அயோடின் மாத்திரை, கடற்பாசிப் பொடி என்று அளவுக்கு மீறி எடுத்தால் சுரப்பு மேலும் குறையவும் கூடும்.

பரிசோதனை அறிக்கையை எப்படிப் படிப்பது?

மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, தைராய்டை வேலை வாங்குவதற்காக டி.எஸ்.எச். என்ற ஹார்மோனை அனுப்புகிறது. தைராய்டு சோர்ந்தால் பிட்யூட்டரி இன்னும் அதிகமாக அனுப்பும். எனவே டி.எஸ்.எச். கூடியிருப்பது சுரப்பு குறைந்திருப்பதன் அடையாளம். இந்தத் தலைகீழ் உறவைப் புரிந்துகொள்ளாமல் "டி.எஸ்.எச். ஏறிவிட்டது, அப்படியானால் மாத்திரை அதிகமாகிவிட்டது" என்று கருதி மாத்திரையை நிறுத்துபவர்கள் உண்டு. உண்மை அதற்கு நேர்மாறானது.

பெரும்பாலான ஆய்வகங்களில் டி.எஸ்.எச்.சின் இயல்பு வரம்பு ஏறத்தாழ 0.4 முதல் 4 அல்லது 4.5 வரை இருக்கும். டி.எஸ்.எச். கூடி, ஃப்ரீ டி4 (இரத்தத்தில் புரதத்தோடு ஒட்டாமல் தனித்திருக்கும் டி4) குறைந்திருந்தால் அது வெளிப்படையான சுரப்புக் குறைவு. டி.எஸ்.எச். மட்டும் கூடி, ஃப்ரீ டி4 இயல்பாக இருந்தால் அது தொடக்கநிலைக் குறைவு. ஃப்ரீ டி4-ஐ ஆய்வகங்கள் இருவேறு அலகுகளில் தருவதால், பழைய அறிக்கையில் 1.1 என்றும் புதியதில் 14 என்றும் இருப்பதைக் கண்டு பதறுவதற்கு முன் அலகைப் பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவுதான்.

பிட்யூட்டரியிலேயே கோளாறு உள்ளவர்களுக்கு டி.எஸ்.எச். நம்பகமான அளவுகோல் அல்ல. அவர்களுக்கு ஃப்ரீ டி4-ஐ வைத்தே அளவு முடிவு செய்யப்படும்.

எனக்கு டி.எஸ்.எச். 6 அல்லது 7தான். மாத்திரை கட்டாயமா?

பல நேரங்களில் உடனடித் தேவை இல்லை. காய்ச்சல் வந்து தேறும் காலத்தில்கூட டி.எஸ்.எச். தற்காலிகமாக ஏறும் என்பதால், ஒரே ஓர் அறிக்கையை வைத்து ஆயுள் முழுவதற்கும் மாத்திரை தொடங்குவது அவசரம். இரண்டு மூன்று மாதம் கழித்து, ஃப்ரீ டி4-உடன் சேர்த்து மறுபடி பார்ப்பதே முறை. டி.எஸ்.எச். 10-க்கு மேல் நிலைத்திருந்தால் பெரும்பாலான மருத்துவர்கள் சிகிச்சையைத் தொடங்குவார்கள். அதற்குக் கீழே இருந்தால் வயது, அறிகுறி, இதய நிலை, ஆன்டி டி.பி.ஓ., கருத்தரிக்கும் திட்டம் ஆகியவற்றைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள்.

65 வயதுக்கு மேற்பட்ட 737 பேரை வைத்து ஐரோப்பாவில் நடத்தப்பட்ட 'டிரஸ்ட்' ஆய்வு 2017-ல் வெளியானது. தொடக்கநிலைக் குறைவு இருந்த அந்த முதியவர்களில் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் சோர்விலோ பிற அறிகுறிகளிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. ஆகவே எழுபது வயது அம்மாவுக்கு டி.எஸ்.எச். 6 என்று வந்து, மருத்துவர் "இப்போது மாத்திரை வேண்டாம், பார்த்துக்கொள்வோம்" என்று சொன்னால், அது அலட்சியம் அல்ல. அந்த வயதில் டி.எஸ்.எச். சற்று உயர்ந்திருப்பது இயல்பானதே.

மாத்திரையின் அளவை மருத்துவர் எப்படி முடிவு செய்கிறார்?

தரப்படும் மருந்து லெவோதைராக்சின், அதாவது செயற்கையாகத் தயாரித்த டி4. எல்ட்ராக்சின், தைரோநார்ம், தைராக்ஸ் என்ற பெயர்களில் நாம் வாங்குவதெல்லாம் இதுதான். சுரப்பு அறவே நின்றுபோன, வேறு நோயில்லாத ஒருவருக்கு எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்குச் சுமார் 1.6 மைக்ரோகிராம் தேவைப்படும். 60 கிலோ எடையுள்ளவருக்கு ஏறத்தாழ 100 மைக்ரோகிராம். சுரப்பி இன்னும் ஓரளவு வேலை செய்துகொண்டிருந்தால் 25 அல்லது 50 மைக்ரோகிராமே போதுமானதாக இருக்கலாம்.

முதியவர்களுக்கும் இதய நோய் உள்ளவர்களுக்கும் 12.5 அல்லது 25 மைக்ரோகிராமில் தொடங்கி, சில வாரங்களுக்கு ஒருமுறை சிறிது சிறிதாகக் கூட்டுவார்கள். நீண்டகாலமாக மெதுவாக ஓடிய இதயத்தைத் திடீரென்று விரட்டினால் நெஞ்சுவலியோ துடிப்புக் கோளாறோ வரலாம் என்பதே காரணம். எனவே "பக்கத்து வீட்டு அக்காவுக்கு 100 கொடுத்திருக்கிறார்கள், எனக்கு ஏன் 25?" என்ற ஒப்பீட்டில் பொருளில்லை. தைராய்டுப் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட சிலருக்கு டி.எஸ்.எச்.சை வேண்டுமென்றே தாழ்வாக வைப்பதும் உண்டு. அவர்களுடைய அளவோடு உங்கள் அளவை ஒப்பிடவே கூடாது.

இந்த மருந்து மைக்ரோகிராமில் அளக்கப்படுகிறது. ஒரு மில்லிகிராம் என்பது ஆயிரம் மைக்ரோகிராம். டிஸ்சார்ஜ் சீட்டில் கைதவறி '50 மில்லிகிராம்' என்று எழுதப்பட்டிருப்பதைக் கண்டால் அங்கேயே கேட்டுத் திருத்தி வாங்கிக்கொள்ளுங்கள். 12.5, 125 என்ற இரு பாட்டில்களையும் மருந்துக் கடையில் குழப்பிக்கொள்ள வாய்ப்புண்டு. வாங்கும்போதே எண்ணைப் பார்க்க வேண்டும்.

மாத்திரை தொடங்கி மூன்று வாரமாகிறது, ஒரு மாற்றமும் இல்லை. அளவைக் கூட்டச் சொல்லலாமா?

பொறுங்கள். லெவோதைராக்சின் உடலில் மெதுவாகச் சேர்ந்து மெதுவாக வெளியேறும் மருந்து. எடுத்த அளவு பாதியாகக் குறையவே சுமார் ஏழு நாள் ஆகும். இரத்தத்தில் அதன் அளவு நிலைபெறுவதற்கும், பிட்யூட்டரி அதைக் கவனித்துத் தன் போக்கை மாற்றிக்கொள்வதற்கும் ஆறு வாரம் போல் ஆகிறது. அதனால்தான் அளவை மாற்றிய பிறகு ஆறு முதல் எட்டு வாரம் கழித்தே டி.எஸ்.எச். பார்க்கச் சொல்கிறார்கள். இரண்டு வாரத்தில் பரிசோதித்து, அந்த எண்ணை நம்பி மறுபடி அளவை மாற்றினால், பின்னர் எந்த மாற்றம் எதனால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அளவு நிலைபெற்ற பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறையோ ஆண்டுக்கு ஒருமுறையோ பார்த்தால் போதும்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. மாத்திரை தொடங்கியதும் நெஞ்சுவலியோ கடுமையான படபடப்போ வந்தால் ஆறு வாரம் காத்திருக்காமல் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

மாத்திரையை எப்போது, எப்படிச் சாப்பிட வேண்டும்? எழுந்ததும் காபி இல்லாமல் முடியவில்லையே!

வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு, காலை உணவுக்கு முப்பது நிமிடம் முன்னதாக, முடிந்தால் ஒரு மணி நேரம் முன்னதாகச் சாப்பிட வேண்டும். இந்த இடைவெளிக்குள் காபியும் டீயும் பாலும் வரக் கூடாது. காபி இந்த மருந்து குடலில் உறிஞ்சப்படுவதைக் குறைக்கிறது. பாலில் உள்ள கால்சியமும் அதையே செய்கிறது. பால் கலந்த ஃபில்டர் காபியில் இரண்டும் இருக்கின்றன. நம் வீடுகளில் அளவு சரியாக இருந்தும் டி.எஸ்.எச். இறங்காமல் இருப்பதற்கு இதுவே பெரிய காரணமாக இருக்கும் என்பது என் எண்ணம்.

காலை நான்கரை மணிக்கே எழுந்து, பால் காய்ச்சி, முதல் டம்ளர் காபியோடு வேலையைத் தொடங்கும் பெண்ணிடம் "ஒரு மணி நேரம் காத்திருங்கள்" என்று சொல்வது சுலபம். அது நடைமுறையில் நிற்பதில்லை. அப்படிப்பட்டவர்களுக்கு வேறு வழி உண்டு. இரவு உணவு முடிந்து குறைந்தது மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கப் போகும்போது சாப்பிடலாம். இரவில் எடுப்பதும் காலையில் எடுப்பதைப் போலவே பலன் தருகிறது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் இரவு பத்து மணிக்கு உணவு, பத்தேகாலுக்குப் படுக்கை என்ற வீட்டுக்கு இந்த வழியும் உதவாது. எந்த நேரம் உங்களுக்கு நாள் தவறாமல் அமையுமோ அதை மருத்துவரிடம் சொல்லி முடிவு செய்துகொண்டு, அதே நேரத்தை விடாமல் கடைப்பிடிப்பதுதான் முக்கியம்.

"காபியோடுதான் சாப்பிடுகிறேன்" என்பதைக் கூச்சப்பட்டு மறைக்காதீர்கள். அதை அறியாத மருத்துவர் டி.எஸ்.எச்.சைப் பார்த்து அளவைக் கூட்டிவிடுவார். பின்னர் ஏதோ ஒரு காலத்தில் நீங்கள் காபியைத் தள்ளிவைத்தால், அதே மாத்திரை அதிகப்படியாகிவிடும்.

வேறு மாத்திரைகளோடு சேர்த்துச் சாப்பிடலாமா?

இரும்புச் சத்து மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் லெவோதைராக்சினைப் பிடித்துவைத்துக்கொள்ளும். இவற்றுக்கும் தைராய்டு மாத்திரைக்கும் நான்கு மணி நேர இடைவெளி தேவை. இரும்பும் கால்சியமும் கலந்த மல்டிவைட்டமின்களுக்கும் இது பொருந்தும். 'கேஸ் மாத்திரை' என்று நாம் சொல்லும் பான்டோபிரசோல், ஒமிபிரசோல் வகைகள் வயிற்று அமிலத்தைக் குறைப்பதால் உறிஞ்சலையும் குறைக்கலாம். இவற்றை மருந்துச் சீட்டே இல்லாமல் மாதக்கணக்கில் சாப்பிடுபவர்கள் பலர். மருத்துவர் கேட்கும்போது அதை மருந்தாகவே எண்ணாமல் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். புண்ணுக்குத் தரும் சுக்ரால்ஃபேட், அலுமினியம் கலந்த அமில நீக்கிகள் ஆகியவற்றையும் தள்ளியே சாப்பிட வேண்டும்.

வலிப்புக்கான ஃபெனிடாயின், கார்பமசெபின், காசநோய்க்கான ரிஃபாம்பிசின் ஆகியவை தைராய்டு மருந்தை உடல் வேகமாகச் செலவழிக்க வைக்கின்றன. ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரைகளும் தேவையைக் கூட்டலாம். இவற்றில் ஏதாவது ஒன்றைத் தொடங்கினாலோ நிறுத்தினாலோ ஆறு முதல் எட்டு வாரத்தில் டி.எஸ்.எச். பார்க்க வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

ஒரு நாள் மறந்துவிட்டால்?

அன்றே நினைவு வந்தால், வயிறு ஓரளவு காலியாக இருக்கும் நேரத்தில் சாப்பிட்டுவிடலாம். ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய கேடு எதுவும் நேராது, ஏனென்றால் மருந்து உடலில் பல நாள் தங்குகிறது. மறுநாள் இரண்டாகச் சேர்த்துச் சாப்பிடலாமா என்பதை முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இதய நோய் உள்ளவர்கள் கேட்காமல் அப்படிச் செய்யக் கூடாது.

கடையில் என் மாத்திரை இல்லை, வேறு கம்பெனி மாத்திரை தருகிறார்கள். வாங்கலாமா?

கையில் மாத்திரையே இல்லாமல் நாட்களைக் கடத்துவதைவிட, அதே அளவுள்ள வேறு கம்பெனி மாத்திரையைச் சாப்பிடுவது மேல். ஆனால் இந்த மருந்தில் சிறிய வேறுபாடும் டி.எஸ்.எச்.சில் தெரியக்கூடும் என்பதால், கூடியவரை ஒரே கம்பெனியைத் தொடர்வது நல்லது. மாறிவிட்டால் தேதியைக் குறித்துக்கொண்டு, ஆறு வாரம் கழித்துப் பரிசோதிக்கலாமா என்று கேளுங்கள்.

வெப்பமும் ஈரமும் வெளிச்சமும் இந்த மாத்திரையின் வீரியத்தைக் குறைக்கும். நூறு மாத்திரை கொண்ட பாட்டிலை அடுப்பு மேடைக்கு அருகில் வைப்பதும், பாட்டிலிலிருந்து எடுத்துச் சிறு டப்பாவில் கொட்டி வைப்பதும் கூடாது. சித்திரை, வைகாசி வெயிலில் காருக்குள் விட்டுச்சென்ற பாட்டிலை நம்பவே வேண்டாம்.

ஆண்டுக்கணக்கில் சரியாக இருந்த டி.எஸ்.எச். திடீரென்று ஏறிவிட்டது. அளவைக் கூட்டித்தான் ஆக வேண்டுமா?

இந்தப் பக்கத்தில் உள்ள கேள்விகளில் மிகவும் கவனமாகப் பதில் தேட வேண்டியது இதுதான். அளவைக் கூட்டுவது ஒரு வழி மட்டுமே. அதற்கு முன் கேட்க வேண்டியவை பல இருக்கின்றன. எத்தனை நாள் மாத்திரை விட்டுப்போனது, சாப்பிடும் நேரம் மாறியதா, புதிதாகக் கால்சியமோ இரும்போ கேஸ் மாத்திரையோ சேர்ந்ததா, கம்பெனி மாறியதா, பாட்டில் காலாவதியானதா, எடை கணிசமாகக் கூடியதா, வேறு ஆய்வகத்தில் பரிசோதித்தீர்களா, அண்மையில் கடும் காய்ச்சல் வந்து தேறினீர்களா என்பதையெல்லாம் மருத்துவர் கேட்கும் முன்பே நீங்கள் சொல்ல முடிந்தால், சந்திப்பின் தன்மையே மாறிவிடும்.

பரிசோதனைக்கு முந்தைய வாரம் மட்டும் ஒழுங்காகச் சாப்பிடுபவர்களின் அறிக்கை வினோதமாக இருக்கும்: ஃப்ரீ டி4 இயல்பாகவோ சற்று உயர்ந்தோ காட்டும், டி.எஸ்.எச். மட்டும் உயர்ந்தே நிற்கும். பழைய வாரங்களின் கணக்கை டி.எஸ்.எச். இன்னும் மறக்கவில்லை என்பதே அதன் பொருள். இப்படிப்பட்ட அறிக்கையைப் பார்த்ததும் அனுபவமுள்ள மருத்துவர் அளவைக் கூட்ட மாட்டார். மாத்திரை எப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்றுதான் கேட்பார். அந்தக் கேள்வியைக் குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

ஒழுங்காகச் சாப்பிட்டும், எடைக்குத் தேவையானதைவிட மிக அதிக அளவு தந்தும் டி.எஸ்.எச். இறங்கவில்லை என்றால், உறிஞ்சலில் கோளாறு இருக்கலாம். கோதுமையால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய், வயிற்றில் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமித் தொற்று, வயிற்றின் உட்சுவர் மெலிந்துபோதல் ஆகியவற்றைத் தேடிப் பார்க்கலாமா என்று கேட்பது நியாயமான கேள்வி.

அறிக்கை நார்மல் என்கிறார் மருத்துவர். எனக்கோ சோர்வு போகவில்லை. எப்படிப் பேசுவது?

"எனக்கு முடியவில்லை, மாத்திரையைக் கூட்டுங்கள்" என்று கேட்டால், "எண் சரியாக இருக்கிறது" என்ற பதிலோடு உரையாடல் முடிந்துவிடும். இரு தரப்பும் சொல்வது உண்மைதான்; ஆனால் அதிலிருந்து ஒரு வழியும் பிறப்பதில்லை. மாறாக, முன்பு செய்ய முடிந்து இப்போது முடியாத ஒன்றைச் சொல்லுங்கள்: "இரண்டு மாடி ஏறினால் உட்கார வேண்டியிருக்கிறது", "மதியம் மூன்று மணிக்கு மேல் கணக்கு எழுத முடியவில்லை", "மார்ச்சில் அளவு மாற்றிய பிறகு மலச்சிக்கல் போனது, ஆனால் தூக்கம் வரவில்லை". எப்போது தொடங்கியது, அளவு மாற்றிய தேதிக்கும் அதற்கும் தொடர்பு தெரிகிறதா என்பதைச் சேர்த்துச் சொன்னால், மருத்துவருக்கு எண்ணைத் தவிர வேறொன்றும் கையில் கிடைக்கும்.

கடந்த இரண்டு ஆண்டு அறிக்கைகளின் தேதி, டி.எஸ்.எச்., அப்போதைய மாத்திரை அளவு ஆகிய மூன்றையும் ஒரே தாளில் எழுதிக்கொண்டு போங்கள். உங்கள் டி.எஸ்.எச். 1.5 ஆக இருந்தபோது நன்றாக இருந்தீர்கள், இப்போது 3.9-ல் சோர்கிறீர்கள் என்று அந்தத் தாள் காட்டினால், இரண்டுமே 'நார்மல்' என்றாலும், சிறிது கூட்டிப் பார்க்கலாமா என்று கேட்கலாம். மருத்துவர் ஒப்புக்கொண்டால் ஆறு முதல் எட்டு வாரம் கழித்துப் பரிசோதித்து, பலன் இல்லையென்றால் பழைய அளவுக்கே திரும்ப வேண்டும்.

அதோடு, சோர்வுக்குத் தைராய்டு மட்டுமே காரணம் என்று முடிவுகட்டிவிடவும் வேண்டாம். இரத்தசோகை, வைட்டமின் பி12 குறைவு, வைட்டமின் டி குறைவு, சர்க்கரை நோய், குறட்டையோடு மூச்சுத் தடைபடும் தூக்கக் கோளாறு, மனச்சோர்வு ஆகிய ஒவ்வொன்றும் அதே சோர்வைத் தரும். ஹஷிமோட்டோ நோய் உள்ளவர்களுக்குப் பி12 குறைவும் முதல் வகைச் சர்க்கரை நோயும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். "தைராய்டு சரியாக இருக்கிறது என்றால், அடுத்து எதைப் பார்க்கலாம்?" என்பது, அளவைக் கூட்டச் சொல்வதைவிடப் பல நேரங்களில் பயனுள்ள கேள்வி.

டி3 மாத்திரையையும் சேர்த்தால் நன்றாக இருக்கும் என்கிறார்களே?

உடல் தனக்குத் தேவையான டி3-இன் பெரும்பகுதியை டி4-லிருந்தே தயாரித்துக்கொள்கிறது. அதனால் டி4 மாத்திரை மட்டுமே பெரும்பாலோருக்குப் போதும். இரண்டையும் சேர்த்துத் தந்து பார்த்த ஆய்வுகள், எல்லோருக்கும் இது மேலானது என்று நிறுவவில்லை. சிலருக்கு மட்டும், சிறப்பு மருத்துவரின் கண்காணிப்பில் முயன்று பார்க்கப்படுகிறது. டி3 வேகமாக ஏறி இறங்கும் மருந்து என்பதால் இதய நோயாளிகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஏற்றதல்ல.

மாத்திரை சாப்பிட்டால் எடை குறையுமா?

ஓரளவுக்கு மட்டும். சுரப்புக் குறைவால் கூடும் எடை பெரும்பாலும் சில கிலோக்கள்தான். அதிலும் பெரும்பங்கு உப்பும் நீரும். சிகிச்சையில் அந்தப் பகுதி குறையலாம். இருபது கிலோ கூடியிருந்தால் அதற்குத் தைராய்டு மட்டும் பொறுப்பாக முடியாது. எடையைக் குறைப்பதற்காக அளவைக் கூட்டிக்கொள்வது ஆபத்தானது.

அளவு அதிகமானால் என்ன ஆகும்?

படபடப்பு, கைநடுக்கம், அதிக வியர்வை, தூக்கமின்மை, எரிச்சல், அடிக்கடி மலம் போதல் ஆகியவை தெரியலாம். எதுவும் தெரியாமலும் இருக்கலாம். முதியவர்களிடம் அதுதான் கவலைக்குரியது. டி.எஸ்.எச். 0.1-க்குக் கீழே நீண்டகாலம் இருந்தால் இதயத்தின் மேலறைகள் ஒழுங்கற்றுத் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வரும் வாய்ப்பு கூடுகிறது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு தேய்கிறது. 70, 80 வயதைத் தாண்டியவர்களுக்கு டி.எஸ்.எச். 4 முதல் 6 வரை இருந்தாலும் பொருத்தமே என்று அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் 2014 வழிகாட்டுதல் கூறுவதன் பின்னணி இதுதான். பத்தாண்டுக்கு முன் 70 கிலோ இருந்து இப்போது 55 கிலோவாக மெலிந்த தாத்தா இன்னும் அதே அளவைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால், குறைக்க வேண்டுமா என்று வீட்டார் கேட்பது அவசியம்.

கர்ப்பமாக இருக்கிறேன், அல்லது கருத்தரிக்கத் திட்டமிடுகிறேன். என்ன செய்ய வேண்டும்?

முதல் மூன்று மாதங்களில் குழந்தைக்குத் தாயின் தைராய்டு ஹார்மோன் மட்டுமே கிடைக்கிறது. குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு அது இன்றியமையாதது. எனவே கருத்தரிக்கும் முன்பே டி.எஸ்.எச்.சை 2.5-க்குக் கீழே கொண்டுவர மருத்துவர்கள் முயல்வார்கள். கர்ப்பம் உறுதியானதும் தேவை சுமார் 25 முதல் 30 சதவீதம் கூடுகிறது. முதல் ஸ்கேனுக்காகக் காத்திருக்காமல், பரிசோதனை பாசிட்டிவ் என்று தெரிந்த அன்றே மருத்துவரைத் தொடர்புகொள்ள வேண்டும். வாரத்துக்கு ஏழு மாத்திரை சாப்பிடுபவரை ஒன்பதாகச் சாப்பிடச் சொல்வது பல மருத்துவர்கள் கையாளும் முறை, "கர்ப்பம் என்று தெரிந்தால் உடனே நான் என்ன செய்ய வேண்டும்?" என்று திட்டமிடும்போதே கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது சிறந்தது. கர்ப்பத்தின் முதற்பாதியில் ஏறத்தாழ நான்கு வாரத்துக்கு ஒருமுறை டி.எஸ்.எச். பார்க்கப்படும்.

"வயிற்றில் குழந்தை இருக்கும்போது எந்த மாத்திரையும் கூடாது" என்று பெரியவர்கள் சொல்வது அக்கறையால்தான். ஆனால் இந்த மருந்தை நிறுத்துவதே குழந்தைக்குக் கேடு. கர்ப்பிணிகளுக்குத் தரப்படும் இரும்பு, கால்சியம் மாத்திரைகளோடு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும் என்பதை இங்கே மறந்துவிடக் கூடாது. பிரசவத்துக்குப் பின் பெரும்பாலும் பழைய அளவுக்குத் திரும்பி, ஆறு வாரத்தில் பரிசோதிப்பார்கள். தாய்ப்பால் கொடுக்கும்போதும் மாத்திரையைத் தொடரலாம்.

கோஸ், காலிஃபிளவர், கம்பு, மரவள்ளிக்கிழங்கு எல்லாவற்றையும் விட்டுவிட வேண்டுமா?

வேண்டாம். இவற்றில் அயோடினின் வேலைக்குக் குறுக்கே நிற்கும் பொருள்கள் இருப்பது உண்மை. ஆனால் அயோடின் போதுமான அளவு கிடைப்பவர், சமைத்த கோஸ் பொரியலையோ என்றைக்காவது கம்பங்கூழையோ சாப்பிடுவதால் குறிப்பிடத்தக்க கேடு இல்லை. ஏற்கனவே மாத்திரையாக ஹார்மோனை எடுத்துக்கொள்பவருக்கு இன்னும் கவலை குறைவு. சோயாவை மட்டும் மாத்திரை சாப்பிடும் நேரத்துக்கு அருகில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

விரத நாட்களிலும் ரமலான் நோன்பிலும் எப்படிச் சாப்பிடுவது?

நோன்பு இருப்பவர்கள் ஸஹர் உணவுக்கு அரை மணி நேரம் முன்போ, இரவு உணவு முடிந்து மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும்போதோ சாப்பிடலாம். தண்ணீர் அருந்தும் விரதங்களில் வழக்கமான நேரத்தையே தொடரலாம். மாதம் தொடங்கும் முன்பே மருத்துவரிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

இரத்தம் கொடுக்கும் நாளில் மாத்திரை சாப்பிடலாமா?

ஃப்ரீ டி4 பார்ப்பதாக இருந்தால் இரத்தம் கொடுத்த பிறகு சாப்பிடுங்கள். மாத்திரை சாப்பிட்ட சில மணி நேரத்துக்கு அந்த எண் சற்று உயர்ந்து காட்டும். டி.எஸ்.எச். அதிகாலையில் கூடியும் பிற்பகலில் குறைந்தும் இருக்கும் இயல்புடையது என்பதால், ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரே நேரத்தில், ஒரே ஆய்வகத்தில் கொடுத்தால் ஒப்பிடுவது எளிது. முடி உதிர்வுக்காகப் பயோட்டின் சாப்பிடுபவர்கள் அதைக் குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்த வேண்டும். பயோட்டின் என்ற இந்த வைட்டமின் தைராய்டை ஒன்றும் செய்யாது. ஆனால் சில கருவிகளில் டி.எஸ்.எச்.சைப் பொய்யாகக் குறைத்தும் ஃப்ரீ டி4-ஐப் பொய்யாகக் கூட்டியும் காட்டி, அளவு அதிகமாகிவிட்டது என்று மருத்துவரையே நம்பவைத்துவிடும். தைராய்டால் முடி கொட்டுபவர்கள்தான் பயோட்டினை அதிகம் வாங்குகிறார்கள் என்பதால் இது அரிதான சிக்கல் அல்ல.

ஆயுள் முழுவதும் சாப்பிட வேண்டுமா? சித்த மருந்துக்கு மாறலாமா?

ஹஷிமோட்டோ நோயாலோ அறுவைச் சிகிச்சையாலோ வந்த குறைவு என்றால் பெரும்பாலும் ஆயுள் முழுவதும் தேவை. இது உடலுக்கு அந்நியமான மருந்து அல்ல. சுரப்பி தர வேண்டியதை நாம் வெளியிலிருந்து தருகிறோம். 1891-ல் இங்கிலாந்தின் நியூகாஸில் நகரில் ஜார்ஜ் மரே என்ற மருத்துவர், கடுமையான சுரப்புக் குறைவால் வாடிய பெண் ஒருவருக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசியாகப் போட்டார். அதன் பிறகு அந்தச் சிகிச்சையைத் தொடர்ந்தபடியே அவர் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். அதற்கு முன் இந்நோய் முற்றியவர்களுக்கு மருந்தே இருக்கவில்லை.

தற்காலிக வகை என்று மருத்துவர் கருதினால், அவரே குறைத்துப் பார்த்து நிறுத்துவார். சித்த, ஆயுர்வேத மருந்துகளைச் சாப்பிடுபவர்கள் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். உதாரணமாக, அமுக்கரா தைராய்டு ஹார்மோன் அளவைக் கூட்டக்கூடும் என்பதால், மாத்திரையோடு சேரும்போது அளவைப் பற்றிய கணக்கே பிசகிவிடும். எந்த மருந்தைப் புதிதாகத் தொடங்கினாலும் லெவோதைராக்சினைத் தாமாக நிறுத்தக் கூடாது. நிறுத்திய முதல் சில வாரங்களுக்கு, உடலில் மிச்சமிருக்கும் மருந்தால் ஒன்றும் தெரியாது. அதையே குணம் என்று எண்ணிவிடுகிறார்கள்.

எப்போது உடனடியாக மருத்துவமனைக்குப் போக வேண்டும்?

நெஞ்சுவலி, மயக்கம், நிற்காத படபடப்பு, மூச்சுத்திணறல் ஆகியவை வந்தால் தாமதிக்கக் கூடாது. நீண்டகாலம் மாத்திரையை நிறுத்திவிட்ட ஒருவர், குறிப்பாக முதியவர், காய்ச்சலோ நிமோனியாவோ வந்த வேளையில் உடல் சில்லிட்டு, எழுப்பினாலும் விழிக்காமல் உறக்கத்திலேயே கிடந்தால், அது உயிருக்கு ஆபத்தான நிலை. 108-ஐ அழையுங்கள். அவசரப் பிரிவில், தைராய்டு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் என்பதையும் எப்போது நிறுத்தினார் என்பதையும் முதலிலேயே சொல்லுங்கள். பாட்டில் வீட்டில் இருந்தால் அதையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.